ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா? தேவாலா, பந்தலூர் தங்கத்தின் கதை

சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் போதும். பானையில் உள்ள பருக்கை எல்லாமே ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தவை. ஒன்று சொல்வதைத்தான் மற்றவையும் சொல்லும். பாயசம் அப்படி இல்லை. ஒரு கரண்டி அள்ளினால் நான்கு முந்திரி வரும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட இருக்காது. முதல் கரண்டியை மட்டும் பார்த்துவிட்டு, அண்டா முழுக்க முந்திரிதான் என்று ஒருவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

1880-ஐ ஒட்டி நீலகிரியின் மேற்கு மூலையில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஒரு கரண்டியை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. மழைக்காட்டுக்குள் இயந்திரங்கள் ஏறின. யானையும் அட்டையும் மலேரியாவும் ஆண்டுகொண்டிருந்த இடத்தில் ஒரு சுரங்க ஊர் எழுந்து, சில வருடங்களிலேயே அடங்கிப்போனது. இன்று தேவாலா, பந்தலூர் என்று பேருந்துப் பலகையில் நாம் படிக்கும் ஊர்கள்தான் அவை.

சுரங்கத் தொழிலின் அடிப்படையான ஒரு கருத்தை இந்த ஊர்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அதன் பெயர் 'தரம்'. ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்பதே தரம். மண்ணில் தங்கம் இருக்கிறது என்ற செய்திக்கும், தங்கச் சுரங்கம் நடத்தலாம் என்ற முடிவுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த ஒரு எண் அளந்து காட்டிவிடும். அந்தத் தூரத்தில் எத்தனை பேருடைய பணமும் உடம்பும் போயின என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மழை விழும் இடம்

ஊட்டியிலிருந்து மேற்கே இறங்கினால் கூடலூர். அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று சாலை கேரள எல்லையை நோக்கி வளைந்து போகும். கடல் மட்டத்துக்குச் சுமார் 3000 அடி உயரம். ஊட்டிக் குளிர் இங்கே கிடையாது, ஆனால் ஊட்டி காணாத மழை உண்டு. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுகிற மலைமுகம் இது. ஜூன், ஜூலை மாத வானிலைச் செய்திகளில் தமிழகத்திலேயே அதிக மழை பெய்த ஊர்களின் வரிசையில் தேவாலாவின் பெயர் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பதுபோல் இரண்டு மடங்குக்கும் மேல் இங்கே பெய்கிறது.

இந்த மழையை மறந்துவிட வேண்டாம். காட்டை வளர்த்ததும், தங்கத்தை மேலே கொண்டுவந்து காட்டியதும், கடைசியில் எல்லோரையும் ஏமாற்றியதும் இதே மழைதான்.

ஆட்சிக்கணக்கில் இந்தப் பகுதி வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு. 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, அதன்பின் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. காட்டின் பழைய மக்கள் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர். வயலும் வீடுமாக நிலைத்திருந்தவர்கள் வயநாடன் செட்டி, மவுண்டாடன் செட்டி குடும்பங்கள். மலையாளம், தமிழ், கன்னடம், பணியர் பேச்சு எல்லாம் ஒரே சந்தையில் கலந்து கேட்கும். இன்றும் அப்படித்தான்.

அரிக்கன் சட்டியில் உள்ள அறிவியல்

தங்கம் முதலில் பாறைக்குள் இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெந்நீர் பாறை விரிசல்கள் வழியே மேலே ஏறும். அந்த நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா குளிர்ந்து வெள்ளைக் கல்லாக உறையும். அதுதான் குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல். கூடவே கொஞ்சம் தங்கமும் கந்தகம் கலந்த இரும்புத் தாதும் அதில் மாட்டிக்கொள்ளும். சுவர் விரிசலில் சிமென்ட் பூசியதுபோல் மலைக்குள் ஓடும் இந்த வெள்ளைப் பட்டையைத்தான் சுரங்கக்காரர்கள் 'ரீஃப்' என்கிறார்கள். தேவாலாவைச் சுற்றி இப்படிப் பல பட்டைகள் உண்டு. பின்னாளில் அவற்றுக்கு ஆல்ஃபா, மோனார்க், ஸ்கல் என்று ஆங்கிலப் பெயர்களை வைத்தார்கள்.

பல லட்சம் ஆண்டுகள் மழை பெய்து மலை கரையும்போது வெண்கல் உடைந்து ஓடைக்கு வரும். மணல் அடித்துக்கொண்டு போய்விடும். தங்கம் போகாது, ஏனென்றால் அதன் கனம் அப்படி. ஒரே அளவுள்ள பாத்திரத்தில் தண்ணீரை நிறைத்தால் ஒரு கிலோ என்றால், வெண்கல்லை இடைவெளி இல்லாமல் நிறைத்தால் சுமார் 2.65 கிலோ, தங்கத்தை அப்படி நிறைத்தால் 19.3 கிலோ. ஓடை வளையும் இடத்தில், பாறைப் பொந்தில், மரவேரின் அடியில் தங்கத்துகள் தங்கிவிடும்.

அதை எடுப்பது எப்படி என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். மிஷின் அரிசி வருவதற்கு முன் அரிசியில் கல் இருக்கும். உள்பக்கம் வரிவரியாகக் கீறிய அரிக்கன் சட்டியில் அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றிச் சாய்ப்பார்கள். இலேசான அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கனமான கல் வரியில் சிக்கி நிற்கும். பொன் அரிப்பதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே நமக்கு வேண்டியது அடியில் நிற்பது.

இந்தப் பக்கத்திலும் கீழே நிலம்பூரிலும் அதற்கு மரவை என்ற குழிந்த மரத்தட்டு உண்டு. ஓடையில் முழங்கால் ஆழத்தில் குனிந்து நின்று, சரளை மண்ணைத் தட்டில் அள்ளி, தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுழற்றுவார்கள். முதலில் சேறு கலங்கி ஓடும். கூழாங்கல்லைக் கையால் பொறுக்கி எறிவார்கள். அடுத்தது வெண்மணல். கடைசியில் தட்டின் நடுவே ஒரு சிட்டிகை கருமணல் மட்டும் நிற்கும், அது இரும்புத் தாது. அதை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தும்போது, வால் போல நீளும் கருமணலின் நுனியில் மஞ்சளாக ஒன்றிரண்டு புள்ளி தெரியும். மணிக்கணக்கில் குனிந்து நின்றதற்குச் சில நாட்களில் அதுகூட இருக்காது.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. குறும்பர்கள் மலைச்சரிவில் குழி தோண்டி வெண்கல்லை எடுத்து இடித்து அரித்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் பணியர்களை ஓடையில் இறக்கி அரிக்கச் செய்தார்கள். பணியர்கள் அன்று கட்டுண்ட உழைப்பாளிகள், கூலி என்பது வயிற்றுக்கு நெல். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கம் எடுப்பது லாபமா நட்டமா என்ற கணக்கு, எடுக்கிறவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் முதலில் நிற்கிறது. ஆள்கூலியே இல்லாவிட்டால் எந்த மண்ணும் தங்கச் சுரங்கம்தான்.

காபி செத்தது, தங்கம் பிறந்தது

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு இந்தச் செய்தி எப்போதோ எட்டிவிட்டது. 1831-இல் லெப்டினன்ட் நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரியை ஆராய அனுப்பினார்கள். அவரைக் காட்டுக் காய்ச்சல் படுக்க வைத்துவிட்டது. 1833-இல் ஒரு குழு வந்து பார்த்து, வெள்ளைக்காரர் முதல் போட்டு நடத்தும் அளவுக்கு இதில் பலன் இல்லை என்று எழுதிவிட்டுப் போனது. நாற்பது ஆண்டுகள் யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த இடைவெளியில் வந்தது காபி. வயநாடு முழுக்கக் காட்டை வெட்டிக் காபி போட்டார்கள். 1860-களின் கடைசியில் தண்டைத் துளைக்கும் வண்டு வந்தது, பின்னால் இலைத்துரு நோய் வந்தது. தோட்டம் தோட்டமாகக் காபி பட்டுப்போனது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்களிடம் மிஞ்சியது பட்ட செடிகளும், அவற்றின் அடியில் இருந்த மண்ணும்தான்.

மண்ணில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு மறுபடி கிளம்பியதும் இந்தச் சமயத்தில்தான். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் வேலை பார்த்தவர்கள் இந்த மலைகளில் வெண்கல் பட்டைகளைப் பார்த்துவிட்டு ஆசை காட்டினார்கள். 1870-களின் நடுவில் ஆல்ஃபா கம்பெனி தேவாலாவில் கல்லை இடிக்கத் தொடங்கியது. 1875-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் ஓர் அறிக்கை எழுதினார். பிறகு இந்திய அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையை நடத்திய ராபர்ட் பிரஃப் ஸ்மித்தை வரவழைத்தது. 1880-இல் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கை நிறைந்ததாக இருந்தது. சோதித்த கல் பலவற்றில் டன்னுக்கு ஓர் அவுன்ஸுக்கு மேல் தங்கம் காட்டியது.

லண்டன் பங்குச் சந்தைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றிரண்டு வருடங்களில் இந்தத் தங்கத்துக்காக 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அவை அறிவித்த மூலதனம் ஏறத்தாழ 50 லட்சம் பிரிட்டிஷ் பவுன் பணம். பட்டுப்போன காபித் தோட்டங்கள் பொன் விலைக்குக் கைமாறின. தோட்டம் விற்றவர்களுக்கும் கம்பெனி தொடங்கியவர்களுக்கும் அப்போதே லாபம் கிடைத்துவிட்டது. தங்கம் வருமா என்று காத்திருக்க வேண்டியவர்கள் பங்கு வாங்கியவர்கள் மட்டும்தான். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

பந்தலூரில் கட்டடங்கள் எழுந்தன. கடைகள், தபால் நிலையம், வெள்ளைக்காரர் தங்கும் விடுதி என்று காட்டுக்குள் ஒரு நகரம் உருவானது. ரயில் அப்போது சென்னையிலிருந்து கோழிக்கோட்டை ஒட்டிய பேப்பூர் துறைமுகம் வரை வந்திருந்தது. கப்பலிலும் ரயிலிலும் வந்த இரும்பு இயந்திரங்களை அங்கிருந்து மாட்டுவண்டியில் மலைப்பாதையில் ஏற்ற வேண்டும். ஒற்றையடிப் பாதை கொஞ்சம் அகலமானதைத்தான் அன்று சாலை என்றார்கள். ஆனி, ஆடியில் அதுவும் சேறாகிவிடும், வண்டி அச்சு வரை புதையும். மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் தமிழ்ச் சமவெளியிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள், மழைக்காலக் காய்ச்சல் தொடங்கியதும் ஓடிவிடப் பார்த்தார்கள். ஓட முடியாதவர்கள் பலர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களின் பெயர் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இல்லை.

அரைப் பவுன் கணக்கு

இனி தரத்துக்கு வருவோம். நமக்குப் பழக்கமான அளவு பவுன், அதாவது 8 கிராம். ஓர் அவுன்ஸ் தங்கம் என்பது 31.1 கிராம், 4 பவுனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன் வெண்கல் என்பது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டி அளவு. அந்தப் பெட்டிக்குள் 4 பவுன் இருக்கும் என்பது கம்பெனிகளின் நம்பிக்கை.

கல்லை இடிக்க ஸ்டாம்ப் மில் என்ற இயந்திரம் வைத்தார்கள். நம் வீட்டு உரல் உலக்கைதான், ஆளுயரத்துக்கும் மேல் பெரிதாக்கியது. வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகளை நீராவியோ நீர்ச்சக்கரமோ தூக்கித் தூக்கிப் போடும். காடே அதிரும். இடிபட்ட மாவு தண்ணீரோடு கலந்து, பாதரசம் தடவிய செம்புத் தகடுகள் மேல் வழிந்து ஓடும். தங்கத்துக்குப் பாதரசத்தின் மேல் ஒரு பிரியம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தகட்டைச் சுரண்டி எடுத்து, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் தங்கம் மிஞ்சும்.

மிஞ்சியது மிகக் கொஞ்சம். பெரிய அளவில் கல்லை இடித்துப் பார்த்தபோது டன்னுக்கு ஒரு சில கிராம்தான் வந்தது. கணக்குக்காக 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கனமான உலோகம் என்பதால் 4 கிராம் தங்கம் ஒரு காய்ந்த பட்டாணி அளவுதான் இருக்கும். இரண்டரை அடிப் பாறைப் பெட்டியை வெடிமருந்து வைத்துப் பிளந்து, சுமந்து, மாவாக இடித்து, அதில் ஒரு பட்டாணியைத் தேட வேண்டும். அந்த அரைப் பவுனின் விலைக்குள் வெடிமருந்து, விறகு, இரும்பு, கூலி, வெள்ளைக்கார மேலாளரின் சம்பளம், லண்டன் அலுவலக வாடகை எல்லாம் அடங்கியாக வேண்டும். அடங்கவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அன்றைய பவுன் நாணயத்தில் 7.3 கிராம் சுத்தத் தங்கம் உண்டு. நகைக்கடையில் நாம் பவுன் என்று சொல்வதே அந்த நாணயத்தின் எடையை வைத்துத்தான். கம்பெனிகள் அறிவித்த 50 லட்சம் பவுனை நாணயமாகக் குவித்தால் அதிலேயே 36 டன் தங்கம் இருக்கும். டன்னுக்கு 4 கிராம் வீதம் அந்த 36 டன்னை மலையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டுமென்றால் 90 லட்சம் டன் பாறையை இடிக்க வேண்டும். அறிவித்த முழுப் பணமும் வசூலாகிவிடவில்லை என்றாலும், தேவாலாவின் உலக்கைகள் இந்தக் கணக்கின் அருகில்கூட வரவில்லை.

ஏன் தவறியது? முதல் காரணம் பாயசமும் முந்திரியும். தங்கம் பாறையில் ஒரே சீராகப் பரவி இருக்காது, ஓரிடத்தில் திரண்டிருக்கும், பத்தடி தள்ளி ஒன்றுமே இருக்காது. மாதிரி எடுப்பவர் கண்ணுக்கு மஞ்சள் தெரியும் கல்லைத்தான் கை தானாக எடுக்கும். வேண்டுமென்றே பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆசையே போதும். இப்போது நேர்மையாகச் சோதிப்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் துளை போட்டு, நல்ல கல், கெட்ட கல் என்று பாராமல் அத்தனையையும் எடுத்து அரைத்துச் சராசரி பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மழை. வெண்கல் பட்டையில் தங்கம் கந்தக இரும்புத் தாதுக்குள் பொதிந்திருக்கிறது. மேல் மண்ணில் பல்லாயிரம் ஆண்டு மழை அந்தத் தாதை அரித்துத் துருவாக்கி விட்டது. பொதிக்குள் இருந்த தங்கம் விடுபட்டது. சுற்றியிருந்த மற்றதெல்லாம் கரைந்து போனதால் தங்கத்தின் பங்கு கூடியது. அதனால் மேலே சில அடி ஆழம் வரை கல் செழிப்பாகக் காட்டும், பாதரசத்திலும் எளிதாக ஒட்டும். அதற்குக் கீழே, மழை எட்டாத பாறையில், தங்கம் குறைவு. இருப்பதும் தாதுக்குள் பூட்டிக் கிடக்கும், பாதரசத்தில் ஒட்டாது. அந்தப் பூட்டைத் திறக்க உதவிய சயனைடு முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1887-இல்தான். தேவாலா அதற்குள் அடங்கிவிட்டது.

மூன்றாவது ஒன்றையும் சேர்க்கிறேன். மலைச்சரிவெங்கும் கிடந்த பழைய குழிகளைப் பார்த்து, இத்தனை பேர் தோண்டியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு தங்கம் இருந்திருக்கும் என்று வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். அந்தக் குழிகளுக்கு வேறு ஒரு பொருளும் உண்டு. மழை சேர்த்து வைத்திருந்த மேல்தட்டுத் தங்கத்தைக் குறும்பர்களும் பணியர்களும் முன்பே எடுத்துவிட்டார்கள். அதுவும் கூலி இல்லாத உழைப்பில்.

1882 வாக்கில் பங்குகள் சரிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. 1901-இல் புவியியல் ஆய்வுத் துறையின் ஹேடன், ஹாட்ச் இருவரும் மறுபடி முறையாகச் சோதித்துவிட்டு, லாபகரமான சுரங்கம் நடக்காது என்று எழுதினார்கள். இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. பந்தலூர்க் கட்டடங்களைக் கொடி மூடியது.

கோலார் மட்டும் எப்படி?

இதே காலத்தில், இதே லண்டன் பணத்தில் தொடங்கியதுதான் கோலார். மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி பிறந்தது 1880-இல். அதுவும் முதல் சில ஆண்டுகள் ஒன்றும் கிடைக்காமல் தள்ளாடியது. மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1880-களின் நடுவில், சாம்பியன் பட்டை அகப்பட்டது. அங்கே தங்கம் கீழே போகப் போகத் தொடர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது 5 பவுனுக்கு மேல் தரம் இருந்தது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வந்தது. இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், அதிலும் தலித் மக்கள். கடைசியில் தரம் டன்னுக்கு 3 கிராம் அளவுக்கு இறங்கியபின் 2001-இல் கோலார் மூடப்பட்டது. கோலார் எந்த இடத்தில் முடிந்ததோ, கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் தேவாலா தொடங்கியது.

ஊர் தங்கிவிட்டது

தங்கம் போனபின் தேயிலை வந்தது. மழையும் சரிவும் தேயிலைக்குத் தோதானவை. பிறகு இன்னொரு அலை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னாளில் டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கண்டியிலும் பதுளையிலும் பிறந்தவர்கள் பந்தலூரிலும் நெல்லியாளத்திலும் சேரம்பாடியிலும் லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பந்தலூர்ப் பக்கத்துப் பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அங்க தொரமாரு போட்ட தோட்டத்துல கொழுந்து எடுத்தோம். இங்க தொரமாரு தோண்டிப்புட்டுப் போன குழியச் சுத்தி எடுக்குறோம்." சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்தக் குழிகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. தேயிலை மேட்டுக்கு அடியில், காட்டோரத்தில், ஆள் குனிந்து நுழையும் வாய்களாக. தோட்டக்கூலி போதாதவர்களும் வேலை இழந்தவர்களும் இரவில் அதற்குள் இறங்குகிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது. போலீசும் வனத்துறையும் வாயை அடைப்பதும், வேறொரு வாய் திறப்பதும் தொடர்கிறது. மண் சரிந்தும் மூச்சு முட்டியும் இறந்தவர்களைப் பற்றிய செய்தி அவ்வப்போது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் வரும். நூறாண்டுக்கு மேல் பழைய சுரங்கத்தில் முட்டுக்கட்டை உளுத்திருக்கும், உள்ளே காற்று தேங்கி ஆக்சிஜன் குறைந்திருக்கும். இறங்குபவருக்கு இது தெரியாமல் இல்லை.

வெளியே கொண்டுவந்த கல்லை இடித்து மாவாக்கி, கை அளவு பாதரசம் விட்டுப் பிசைவார்கள். பிறகு துணியில் கட்டிப் பிழிந்தால் உபரிப் பாதரசம் துணி வழியே முத்து முத்தாக வெளியேறும். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை நிற்கும். அதைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் மூச்சில் ஏறி நரம்பைத் தாக்கும், கை நடுங்க ஆரம்பிக்கும். அடுப்பு வீட்டுக்குள் என்றால் பிள்ளைகளுக்கும் அதே கதி. கழுவிய சேற்றோடு போன பாதரசம் ஓடையில் இறங்கி, நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய வடிவமாக மாறி, மீனில் சேரும். இங்கிருந்து ஓடும் பாண்டியாறு கீழே நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கலக்கிறது. அங்கே அந்த மீனைச் சாப்பிடுகிறவர்களுக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது.

இன்றைய தொழில்நுட்பத்தில் டன்னுக்கு ஒரு கிராம் இருந்தாலும் லாபம் பார்க்கும் சுரங்கங்கள் உலகில் உள்ளன, அப்படியென்றால் தேவாலாவை மறுபடி திறந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அந்த ஒரு கிராம் கணக்கு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். மலையையே மேலிருந்து வெட்டி எடுத்து, தினமும் பல்லாயிரம் டன் பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, மிஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்கி வைத்தால்தான் அது கட்டுப்படியாகும். யானை நடக்கும் வழியிலும், லயங்களின் தலைக்கு மேலும், ஒரே இரவில் மலை சரியும் அளவுக்கு மழை பெய்யும் சரிவிலும் அந்தச் சேற்றணையை எங்கே கட்டுவது? எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை. அந்தத் தங்கம் பாறைக்குள்ளேயே இருக்கட்டும்.

குழிக்குள் இறங்குகிறவர்களின் பிரச்சினை வேறு. அவர்களுக்குப் பகலில் ஒழுங்கான கூலியும், பெயரில் ஒரு பட்டாவும் இருந்தால் இரவில் இறங்க மாட்டார்கள். கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-இல். அதன் 17-ஆவது பிரிவின் கீழ் வரும் நிலங்களின் வழக்குகள் தலைமுறை தாண்டியும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பட்டா இல்லாமல் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே அலைகிறார்கள். பணியர் குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம். இந்த ஓடைகளில் முதன்முதலில் மரவையைச் சுழற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

ஆடி மழை நின்று வெயில் தலைகாட்டும் நாளில் தேவாலாவிலிருந்து கீழே இறங்கும் எந்த ஓடையிலும் பார்க்கலாம். கலங்கல் தெளிந்ததும் வளைவுகளில் புதிதாகக் கருமணல் படிந்திருக்கும். யாராவது ஒருவர் அங்கே குனிந்து நின்றுகொண்டிருப்பார்.